ஆபரேஷன் முடிந்த பிறகு என்ன? டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்க்கையில் கிடைக்கும் பதில்

தமிழகத்தில் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கவுன்சலிங் பட்டியலைப் பார்த்தால் பி.ஓ.டி. என்று ஒன்று இருக்கும். ஆக்குபேஷனல் தெரபி. நர்சிங் தெரியும், பிசியோதெரபி தெரியும், இது என்ன புதுசா இருக்கே என்றுதான் பல வீடுகளில் கேட்பார்கள். ஆக்குபேஷன் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, வேலை வாங்கித் தரும் படிப்பா என்று நினைப்பவர்களும் உண்டு. படிப்பை முடித்து ஒரு கிராமத்து மையத்தில் பயிற்சிக்குப் போய் நின்றால் கேள்வி இன்னும் நேரடியாக வரும். ஊசி போட மாட்டீங்க, மாத்திரை எழுதித் தர மாட்டீங்க, அப்புறம் என்னதான் பண்ணுவீங்க?

இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. அதைவிட நன்றாகப் புரியவைப்பது ஒரு வாழ்க்கை. டாக்டர் மேரி வர்கீஸ். அவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்ல, மருத்துவர். ஆனால் இந்தத் துறை எதற்காக இருக்கிறது என்பதை முதலில் நோயாளியாகவும், பிறகு டாக்டராகவும் தெரிந்துகொண்டவர். அதனால்தான் இங்கே அவர் கதை.

கொச்சியிலிருந்து வேலூருக்கு

மேரி 1925-ல் கொச்சி அருகே உள்ள செராயில் பிறந்தார். 1940-களின் நடுவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (நம் ஊரில் எல்லோரும் சொல்வது போல, சி.எம்.சி.) படிக்க வந்தார். மகப்பேறு மருத்துவம் அவர் மனதில் இருந்த துறை. அன்றைய நிலையில் ஒரு பெண் டாக்டருக்கு அது இயல்பான தேர்வு, மரியாதையான தேர்வும்கூட.

1954-ல் ஒரு நாள் சக டாக்டர்களுடன் உல்லாசப் பயணம் கிளம்பினார். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் பலத்த காயம், தண்டுவடத்தில் அதைவிடப் பெரிய காயம். உயிர் பிழைத்தார். கால்கள் திரும்பி வரவில்லை. வயது 28.

தண்டுவடம் அடிபட்டால் நடக்க முடியாது என்பது மட்டும்தான் வெளியே தெரியும். உள்ளே நடப்பது வேறு. காயத்துக்குக் கீழே உணர்வு இருக்காது. ஒரே பக்கமாகச் சில மணி நேரம் படுத்திருந்தாலே தோல் நைந்து படுக்கைப்புண் வரும். வலிக்காததால் அது வந்ததே தெரியாது. சிறுநீர்ப்பை தானாக இயங்காது, அதனால் கிருமித்தொற்று, பிறகு சிறுநீரகப் பாதிப்பு. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் உலகம் முழுக்க இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்திருந்தது கொஞ்ச காலம்தான். போரில் காயமடைந்த வீரர்களுக்காக 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அந்த மாற்றம் 1954-ல் இந்தியாவை அதிகம் எட்டியிருக்கவில்லை. உயிரைக் காப்பாற்றும் டாக்டர்கள் இங்கே இருந்தார்கள். காப்பாற்றிய பிறகு அந்த உயிரை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று கற்றுத்தரும் இடங்கள்தான் அரிது.

மேரிக்குத் தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சிகிச்சை. நேற்று வரை வார்டில் ரவுண்ட்ஸ் போனவர், இன்று அதே வார்டில் யாராவது திருப்பிப் படுக்கவைக்கக் காத்திருக்கும் நோயாளி.

உட்கார்ந்தே செய்யலாமே

அவருக்கு ஒரு வழியைக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படிப்பதற்கு முன் சில வருடங்கள் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 1946-ல் வேலூருக்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன விரல்களை வரிசையாகப் பார்த்து, எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் யாரும் இதைத் தொடாதது ஏன் என்று யோசிக்கத் தொடங்கினார். தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையில் அவர் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது அதன் பிறகுதான்.

மேரியிடம் அவர் சொன்ன யோசனை கேட்பதற்கு எளிமையானது. கை ஆபரேஷனை டாக்டர்கள் நின்றுகொண்டு செய்வதில்லை. நோயாளியின் கையைச் சின்ன மேஜையில் நீட்டி வைத்து, எதிரே உட்கார்ந்துதான் செய்வார்கள். உட்காரும் நாற்காலி சக்கர நாற்காலியாக இருந்தால் என்ன?

சொல்வது சுலபம். மேரிக்கு முதலில் நேராக உட்காரவே பழக வேண்டியிருந்தது. இடுப்பில் பிடிமானம் இல்லாத உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நுணுக்கமான வேலைக்கு விட வேண்டும். பழகினார். தொழுநோயாளிகளின் கைகளில் ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் வீல்சேரில் வரும் டாக்டரை அதுவரை எத்தனை நோயாளிகள் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கை நிமிர்ந்தது, பிழைப்பு?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தத் துறையின் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்கும். முழங்கையில் ஓடும் நரம்பு பாதித்தால் கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கி போல மடங்கிவிடும். ஆனால் முன்கையில் பல தசைகள் நன்றாகவே இருக்கும். அப்படி நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, வேறு வழியாகக் கொண்டுபோய் விரல்களில் இணைப்பதுதான் ஆபரேஷன். சுமார் 3 வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்ததும் கை வேலை செய்யாது. நேற்று வரை வேறு வேலை பார்த்த தசைக்கு இன்று புது வேலை. அதை மூளைக்குப் பழக்க வேண்டும். இந்த விரலை நினைத்தால் அந்தத் தசை அசையும் என்ற புதுக் கணக்கைத் தினமும் மெதுவாக, பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்குச் சில மணி நேரம், இதற்கு வாரக்கணக்கு.

அதுவும் முடிந்து, கையும் நிமிர்ந்து வீட்டுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், ஒரு புகாரோடு. கை கோணலாக இருந்தபோது பிச்சையாவது கிடைத்தது. இப்போது கை நன்றாகத் தெரிகிறது, யாரும் காசு போடுவதில்லை. தொழுநோய் வந்தவர் என்பது ஊருக்குத் தெரியும், அதனால் வேலையும் தருவதில்லை. மருத்துவக் கணக்கில் வெற்றி, வயிற்றுக் கணக்கில் நஷ்டம்.

பிராண்டை இது உலுக்கியது. 1951-ல் சி.எம்.சி. கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற இடம் உருவாகியிருந்தது. பளபளப்பான கட்டடம் இல்லை. கிராமத்து வீடுகள் போல எளிய குடிசைகள். ஏனென்றால் திரும்பிப் போகப்போவது அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான். அங்கே ஆபரேஷன் முடிந்தவர்களுக்குத் தச்சு வேலை கற்றுத் தரப்பட்டது, பொம்மைகள் செய்தார்கள். மருத்துவம் படிக்கும் முன் தச்சுப்பட்டறையில் கழிந்த வருடங்கள் வீண் என்று ஒரு காலத்தில் நினைத்தவருக்கு, இப்போது அந்த அனுபவம்தான் கை கொடுத்தது.

இன்னொரு சிக்கல், உணர்வில்லாத கை. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பது தெரியாது. நாம் சுத்தியலைப் பிடிக்கும்போது வலி ஒரு எல்லை போடும். அவர்களுக்கு அந்த எல்லை கிடையாது. கொப்புளம் வரும், உடையும், சீழ் பிடிக்கும், விரல் தேயும். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று ஊர் நம்பியது. உண்மையில் பெரும்பாலும் விரலைத் தின்றது கவனிக்கப்படாத காயங்கள். ஆகவே கருவிகளின் பிடியைத் தடிமனாக்கு, மெத்தென்று சுற்று, வேலை முடிந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார். வைத்தியமே இதுதான்.

மேரி ஆபரேஷன் செய்த கைகள் இப்படிப்பட்ட உலகத்துக்குத்தான் திரும்பிப் போயின. அதைப் பார்க்காமல் அவரால் இருந்திருக்க முடியாது.

பிசியோவுக்கும் ஓ.டி.க்கும் என்ன வித்தியாசம்?

இப்போது இந்தக் கேள்விக்கு வரலாம். ரொம்ப எளிமையாகச் சொன்னால், விரல் மடங்குகிறதா, தோள் எவ்வளவு உயர்கிறது, தசைக்கு எவ்வளவு பலம் வந்திருக்கிறது என்பதில் பிசியோதெரபிஸ்டின் கவனம் அதிகம். அந்தக் கையால் சட்டை பட்டன் போட முடிகிறதா, சோறு பிசைய முடிகிறதா, களை பறிக்க முடிகிறதா என்று தொடங்குவது ஆக்குபேஷனல் தெரபி. ஒரு நாளை நிரப்பும் எல்லாச் செயல்களும் இங்கே ஆக்குபேஷன்தான், சம்பளம் வாங்கும் வேலை மட்டும் இல்லை. குளிப்பதும்தான், குழந்தைக்கு விளையாட்டும்தான். நடைமுறையில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துதான் நடக்கும். கோடு போட்டுப் பிரிப்பவர்கள் வார்டில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இந்தத் துறைக்கான சங்கம் 1917-ல் உருவானது. இந்தியாவில் முதல் பயிற்சிப் பள்ளி 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரைத் திருமணம் செய்துகொண்டு இங்கேயே வாழ்ந்த பெண்மணி. அவரைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

மறுபடியும் மாணவி

ஆபரேஷன் செய்ய முடிந்தாலும் மேரியின் சொந்த அன்றாடம் இன்னும் பிறர் கையில்தான் இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்குப் போனார். அங்கே அவர் பார்த்தது, தண்டுவடம் அடிபட்டவர்கள் தாங்களே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை, தாங்களே உடுத்திக்கொள்வதை, வேலைக்குப் போவதை. தன்னைப் போன்ற உடம்புகள்தான். வித்தியாசம், யாரோ உட்கார்ந்து அவர்களுக்கு முறையாகக் கற்றுத் தந்திருந்தார்கள். அவ்வளவுதான்.

இதைக் கற்றுத் தருவது ஒரு மருத்துவத் துறை. அதை இந்தியாவில் யார் செய்யப்போகிறார்கள்?

இங்கேதான் மேரி எடுத்த முடிவு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கை அறுவை சிகிச்சை அன்றைக்கு உலகமே வேலூரைத் திரும்பிப் பார்த்த துறை. அதில் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. வீல்சேரில் அமர்ந்து ஆபரேஷன் செய்யும் பெண் டாக்டர் என்ற அடையாளமே ஒரு வாழ்நாளுக்குப் போதும். அதை விட்டுவிட்டு, கைதட்டல் அதிகம் கிடைக்காத, பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும் மறுவாழ்வு மருத்துவத்தைப் படிக்கப் போனார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, வீல்சேரில், கடல் கடந்து.

உலக மறுவாழ்வு நிதியத்தின் உதவித்தொகையில் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் பயிற்சி. போரில் காயமடைந்த விமானப்படை வீரர்களைக் கவனித்த அனுபவத்திலிருந்து ரஸ்க் இந்தத் துறையை வளர்த்தெடுத்தவர். நோய் வராமல் தடுப்பது மருத்துவத்தின் முதல் கட்டம், வந்த நோயைக் குணப்படுத்துவது இரண்டாவது, அதற்குப் பிறகு மனிதரை வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்புவது மூன்றாவது என்பது அவருடைய பார்வை. அங்கே டாக்டர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்ப்பார்கள்.

1963-ல் சி.எம்.சி.யின் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு மேரி தலைவரானார். அதே வருடம் டோரத்தி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு வெளிவந்து, வெளிநாடுகளிலும் அவர் பெயர் பரவியது. 1966-ல் வேலூர் பாகாயத்தில் தனி மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும் இடம்.

நியூயார்க் பாடம் நம்ம ஊர் வாசல்படியில்

நியூயார்க்கில் கற்றதை அப்படியே இங்கே இறக்கினால் நடக்குமா? நடக்காது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. அங்கே நோயாளி திரும்பிப் போவது லிஃப்ட் உள்ள வீட்டுக்கோ, கார் நிற்கும் தெருவுக்கோ. இங்கே தண்டுவடம் அடிபட்டு வருபவர்களில் கணிசமானோர் மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர்கள். போக வேண்டிய வீட்டுக்கு உயரமான வாசல்படி, குனிந்து நுழையும் கதவு, தெருவில் மணல். சமையல் தரையில், சாப்பாடு தரையில், தூக்கம் தரையில். கழிப்பறை என்று ஒன்று இருந்தால், அது குந்தி உட்காரும் வகை.

ஆகவே இந்த மண்ணில் ஓ.டி. என்பது முதலில் ஒரு விசாரணை. கிராமத்துக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர் எதைக் குறித்துக்கொண்டு வர வேண்டும் தெரியுமா? வாசல்படி எத்தனை அங்குலம். வீல்சேர் கதவுக்குள் நுழையுமா. கட்டில் இருக்கிறதா, கயிற்றுக் கட்டிலா, அதன் உயரம் என்ன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள். டயர் பஞ்சரானால் சைக்கிள் கடைக்காரரால் சரிசெய்ய முடிகிற வீல்சேரா, இல்லை உதிரிப் பாகத்துக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதா.

பிறகுதான் தீர்வு. தரையிலேயே புழங்குபவருக்கு, தரையிலிருந்து நாற்காலிக்குக் கைகளை ஊன்றி ஏறும் பயிற்சி உயிர்நாடி. உட்கார்ந்தே இருப்பவர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் புண். இதை மனப்பாடமாகச் சொல்லித் தந்தால் போதாது, பழக்கமாக்க வேண்டும். தையல் தெரிந்தவருக்குக் காலால் மிதிக்கும் மெஷின் இனி உதவாது. கையால் சுற்றும் மெஷினோ மோட்டாரோ வேண்டும். வயல் வேலைக்குப் போனவர் இனி போக முடியாது என்றால் கோழியா, ஆடா, பெட்டிக்கடையா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். தொழுநோயில் உணர்விழந்த கை என்றால் சூடான பாத்திரத்தைத் துணியால் பிடிக்க, மண்வெட்டிப் பிடியில் துணி சுற்ற, ராத்திரி படுக்கும் முன் கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி, காயம் இருக்கா என்று பார்க்கச் சொல்லித் தர வேண்டும்.

இதில் ஊசி எங்கே, மாத்திரை எங்கே? ஆனால் இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும், லட்சங்கள் செலவழித்துச் செய்த ஆபரேஷன் படுக்கைப்புண்ணில் போய் முடியும். நகரத்து மருத்துவமனையில் படிக்கும்போது இது புரியாது. பயிற்சி அறையில் தரை சமமாக இருக்கும், கைப்பிடி சரியான உயரத்தில் இருக்கும், நோயாளி அழகாக நாற்காலிக்கு மாறிக் காட்டுவார். அவருடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வீல்சேர் திண்ணையில் மடித்து வைத்து, மேலே நெல் மூட்டை ஏறியிருக்கும். கிராமப் பயிற்சியை ஒரு கடமைக்காக முடித்துவிட்டு ஓடிவருபவர்கள் இதைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

மேரிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பாகாயத்து வார்டில் புதிதாகக் கொண்டுவந்து படுக்கவைக்கப்பட்ட ஒருவர், தன் வாழ்க்கை முடிந்தது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால், அவரைப் பார்க்க வரும் தலைமை டாக்டரே வீல்சேரில்தான் வருவார். முகத்தில் பழைய காயத்தின் தழும்பு. எத்தனை கவுன்சலிங் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது.

அதன் பிறகு

1972-ல் மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986 டிசம்பரில் அவர் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 வருடங்கள் வாழ்ந்திருக்கிறார். தண்டுவடக் காயத்தோடு அந்தக் காலத்தில் இது எவ்வளவு நீண்ட ஆயுள் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாகாயம் மையம் இப்போது அவர் பெயரில் இயங்குகிறது. சி.எம்.சி.யில் பி.ஓ.டி. படிப்பும் இருக்கிறது.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பல வருடங்களாக இந்தத் துறைக்கு நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் இல்லாமல் இருந்தது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் ஆக்குபேஷனல் தெரபியும் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலை என்று பார்த்தால், சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்களில் இன்று தேவை அதிகம். நகரத்து கிளினிக்குகளில் சம்பளமும் பரவாயில்லை. பக்கவாதம் வந்து வீட்டில் முடங்கியவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், மூளைவாதத்தோடு பிறந்த குழந்தைகள் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசல்படியை அளந்து பார்க்கத்தான் ஆள் பற்றாது.